தண்டவாளம் போன பாதையில் புதையல் வேட்டை



புதையல் என்றதும் தங்கக் காசுகளும் கடற்கொள்ளையரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்று உலகெங்கும் பலர் காடு மேடெல்லாம் அலைந்து தேடும் ஒரு புதையலில் இருப்பவை ஒரு சிறு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், சில வேளை ஒரு பொம்மை! இவ்விளையாட்டுக்கு 'ஜியோகேச்சிங்' என்று பெயர்.

விளையாடும் முறை எளிது. ஒருவர் நீர் புகாத டப்பா ஒன்றை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை மட்டும் அறிவிப்பார். தேடிக் கண்டுபிடிப்பவர் நோட்டில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் பொருளை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் மட்டும் கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்துவிடும். (குரங்குகளிடம் டிபன் பாக்ஸைப் பறிகொடுத்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?)

வெறும் எண்கள் எவ்வாறு வழி காட்டும்? நம் அருவங்காடு ஏறத்தாழ 11 பாகை 22 கலை வடக்கில் உள்ளது. அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ.; ஒரு கலை 1.85 கி.மீ.; கலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு! அத்துணை நுட்பமாக இடத்தைக் கணக்கிட உதவுபவை 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். அவை அனுப்பும் நேரக்குறிப்பு நம் கருவியை வந்தடையத் தாமதமாகும் அளவைக் கொண்டு தூரம் அறியப்படுகிறது. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். ஆகவே இடத்தை அறிய மூன்று செயற்கைக்கோள்களும், கருவியின் கடிகாரத்தைத் திருத்த நான்காவது ஒன்றும் தேவை.

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அதை நிறுத்தியவுடனே, மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர், சோதித்துப் பார்ப்போமே என்று ஒரு வாளியை மறைத்து வைத்தார். சில நாட்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதுவே முதற் புதையல்.

மேல்நாடுகளில் கைவிடப்பட்ட நிலக்கரி இரயில் பாதைகள் இவ்விளையாட்டுக்கு மிகவும் ஏற்றவை. கரி வண்டி செங்குத்தாக ஏற இயலாதாகையால் பாதை மெல்ல மெல்லவே உயரும், பாட்டியரும் நடக்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 1991 வரை கரி வண்டி ஓடிய ஒரு பாதை இன்று பெர்ன்லி நடைபாதையாக விளங்குகிறது.

நம் ஊரிலேயே இரயில் பாதை உண்டே என்பீர்கள். ஆனால் அது 1908-இல் உதகை வரை நீட்டப்பட்டு, இன்றும் வண்டி ஓடும் பாதை. அருகிலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை வேறு! இங்கே யாரும் அறியாத டப்பா ஒன்றை மறைத்து வைத்தால், தேடி வருவது காவலராகத்தான் இருக்கும்.

எனவே நாங்கள் மூணாற்றைத் தேர்ந்தெடுத்தோம், இப்போதைக்கு வரைபடத்தில் மட்டும். அங்கே 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. மாடுகளே வண்டியை இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகல இரயில் பாதையாயிற்று. கரியன்று, தேயிலையே அதன் சரக்கு. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரயில், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி மலையிறங்கி, நம் தமிழ்நாட்டுக் கொட்டகுடிக்கு, பிறகு போடிநாயக்கனூர்! 1924 ஜூலைப் பெருவெள்ளம் பாதையை அடித்துச் சென்றது. மறுபடி அது போடப்படவேயில்லை.

மூணாற்றில் பழைய நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது. டாப் ஸ்டேஷனிலோ பெயர் இருக்கிறது, இரயில் இல்லை. தண்டவாளமே மறைந்த பாதையில், இன்ன இடத்தில்தான் வண்டி நின்றது என்று அடி பிசகாமல் காட்ட அட்சரேகை எண்களை விட நல்ல கைகாட்டி ஏது?

வனத்துறையும் தோட்டத்தாரும் இசைந்தாலன்றி அங்கே எதையும் வைக்கலாகாது. யானை நடமாடும் இடமாதலால் பெரியவர் துணையின்றிப் போகவும் கூடாது. அனுமதி கிடைத்தால் முதல் டப்பா டாப் ஸ்டேஷனில்தான். பொம்மைக்குப் பதிலாக ஒரு பிடி தேயிலை வைக்கலாம் என்றாள் ஒருத்தி. தின்பண்டக் கணக்கில் அது சேருமா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி