மூன்றாங் கட்சிக்கு இட்ட வாக்கு

"ஐயா, அமெரிக்காவில் இரு பெருங் கட்சிகளுள் ஒன்றே வெல்லுமென்பது எல்லாரும் அறிந்ததாயின், மூன்றாமவருக்கு வாக்களிப்போர் எதற்காக அளிக்கின்றனர்?" என்று வகுப்பில் மாணவனொருவன் வினாவினான். தமிழ்ப் பாடவேளையில் எழுந்த வினாவாயினும் அதனைத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

அந்நாட்டிற் சனாதிபதியை மக்கள் நேரே தெரிவதில்லை. மாநிலந்தோறும் இத்தனை தேர்வாளர் என்ற கணக்குண்டு; இன்று மொத்தம் 538. மெயின், நெபிராஸ்கா என்னும் இரண்டொழிந்த மாநிலங்களில், ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெற்றவர் அம்மாநிலத் தேர்வாளர் அனைவரையுந் தமதாக்கிக்கொள்வர். ஆகவே, வாக்குகள் எத்தனை என்பதிலும் எங்கே விழுந்தன என்பதே பெரிது. 1948ஆம் ஆண்டில் ஸ்ற்றோம் தேர்மண்ட், ஹென்றி வாலஸ் என்னும் இருவரும் தனித்தனி 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றனர். நிறப்பாகுபாட்டை நிலைநிறுத்த நின்ற தேர்மண்டுக்குத் தென்மாநிலங்களில் வாக்குக் குவிந்து, 39 தேர்வாளர் கிட்டினர். வாலஸின் வாக்குகளிற் பெரும்பகுதி நியூயோர்க், கலிபோர்ணியா என்னும் பெருமாநிலங்களில் விழுந்தது. ஆங்கு அவர் முதலிடம் பெறாமையால் ஒருவருங் கிட்டிலர். 1992இல் றொஸ் பெரோ நூற்றுக்கு 19 வீதமளவு வாக்குப் பெற்றும் வெறுங்கையராகவே மீண்டார்.

தாம் வெல்லாது பிறர் வெற்றியை மாற்றினோரும் உளர். 1912இல் முன்னாட் சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் குடியரசுக் கட்சியினின்றும் பிரிந்து நின்றார். அவருக்கு 27 வீதம். அக்கட்சியின் டாப்ற்றுக்கு 23 வீதம். 42 வீதமே பெற்ற வில்சன் சனாதிபதியானார். 2000ஆம் ஆண்டிற் புளோரிடாவில் புஷ், அல் கோரை 537 வாக்குகளால் முந்தினார். ஆங்கே றால்ப் நேடருக்கு விழுந்தவை 97,000க்கு மேல். அவையெல்லாங் கோருக்கே சென்றிருக்குமெனத் துணிதல் அரிது. ஆயினும் அப்பழி நேடரை விட்டகலவில்லை. எமது சனாதிபதித் தேர்தலிற் போல இரண்டாம் விருப்பைக் குறிக்க அவ்வாக்காளருக்கு வழியிருக்கவில்லை.

எனினும், மாணவனுக்கு யாம் விரித்துக் கூறியது 1892ஆம் ஆண்டுச் செய்தியையே. உழவர் பலர் சேர்ந்தமைத்த மக்கள் கட்சியின் சார்பில் ஜேம்ஸ் வீவர் நின்றார். 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும் 22 தேர்வாளரும் பெற்றுத் தோற்றார். வருவாய் ஏற ஏற வரியும் ஏறவேண்டும், மேற்சபையினரை மக்களே நேரிற் தெரியவேண்டும் என்பன அக்கட்சி எழுப்பிய கோரிக்கைகளுட் சில. அவற்றைப் பின்னர்ப் பெருங் கட்சிகளே தமதாக்கிக்கொண்டன. வருமானவரிக்கும் நேர்த்தெரிவுக்கும் வழிசெய்த திருத்தங்கள் இரண்டும் 1913இல் அரசியலமைப்பில் ஏறின. வீவர் அதற்கு முந்திய ஆண்டே காலமாயினார்.