தலையும் உடலும்: இரேணுகை கதையில் இரண்டாம் பெண்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் படவேட்டினை அடையலாம். சம்புவராயர் தலைநகராய் விளங்கிய அவ்வூரில் இரேணுகாம்பாள் தலையுருவில் வழிபடப் பெறுகின்றாள். வேலூருக்கு மேற்கே, கௌண்டன்ய ஆற்றங்கரையிலுள்ள குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளன்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நிகழ்கின்றது. இவ்விரு வழிபாடுகளுக்கும் அடிப்படை ஒரே கதையாகும். அக்கதையில் தலைக்கு உரியவளைப் பலரும் அறிவர். உடலுக்கு உரியவள் யார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மகாபாரத வனபருவத்தில் இக்கதை சுருங்கிய வடிவில் உள்ளது. நீராடச் சென்ற இரேணுகை, சித்திரரதன் என்னும் அரசனைக் கண்டு மனம் நெகிழ்கின்றாள். சமதக்கினியின் ஆணைப்படி பரசுராமன் தாயைக் கொல்கின்றான். பின்னர்த் தந்தை அளித்த வரத்தால் அவள் உயிர் பெறுகின்றாள். தலை மாறிய செய்தி அங்கு இல்லை. எனவே, இரண்டாம் பெண் நாட்டுப்புற மக்கள் படைத்த பாத்திரம் என்பது தெளிவு.

வாய்மொழி வழக்கொன்றில், உயிருக்கு அஞ்சி ஓடிவந்த இரேணுகையைச் சேரிப்பெண் ஒருத்தி தழுவிக் காக்க முயல்கின்றாள். இருவர் தலையும் ஒருங்கே வீழ்கின்றன. மீண்டும் பொருத்துங்கால் தலைகள் மாறிவிடுகின்றன. இரேணுகையின் தலையும் சேரிப்பெண்ணின் உடலும் கூடிய வடிவே மாரியம்மன் என்பர்.

இக்கதை கடல் கடந்தும் சென்றது. பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782இல் வெளியிட்ட தம் நூலில் இதனை எழுதினார். அதனைத் தழுவிச் செருமானியப் பெருங்கவிஞர் கெதே மூன்று பாடல்கள் கொண்ட தொகுதியொன்றை இயற்றி 1824இல் வெளியிட்டார். ஆயின் அவ்விரு வடிவங்களிலும் உடலுக்கு உரியவள் தண்டனையுற்ற குற்றவாளி. வாய்மொழியில் அடைக்கலம் தந்தவள், ஏட்டில் குற்றம் செய்தவளாயினள். இவ்வேறுபாடு சிறிதன்று. அவள் எதற்காக இறந்தாள் என்பதையே அது மாற்றிவிடுகின்றது.

வேதாளக் கதைகளிலும் தலைமாற்றம் உண்டு. ஆண்கள் இருவரின் தலைகள் மாறிய அக்கதையில், உறுப்புகளுள் தலையே சிறந்தது, ஆதலின் தலைக்கு உரியவனே கணவன் என்று விக்கிரமாதித்தன் தீர்ப்பளிக்கின்றான். குடியாத்தச் சடங்கு இத்தீர்ப்பை ஏற்கவில்லை. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து ஊர்வலமாக வரும் சிரசு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் 'சண்டாளச்சி' எனப்படும் உடலில் பொருத்தப்படுகின்றது. அதன் பின்னரே கண் திறப்பு நிகழ்கின்றது. தலை மட்டும் வந்தால் போதாது. உடலொடு கூடிய பின்னரே அம்மன் விழித்து அருள்கின்றாள். மாலையில் சிரசு மீண்டும் பிரிக்கப்படுகின்றது.

தோல் பதனிடுதலால் பெயர்பெற்றது வேலூர், ஆம்பூர்ப் பகுதி. தோலைத் தொட்டு உழைத்தவர் தொடத்தகாதவராய் ஒதுக்கப்பட்ட வரலாறும் இதற்கு உண்டு. அத்தகைய நிலத்தில், ஒதுக்கப்பட்டவளின் உடலை அனைவரும் ஓராண்டில் ஒரு நாள் கைகூப்பித் தொழுகின்றனர். எனினும் தலைக்கு இரேணுகை என்ற பெயர் இருக்க, உடலுக்குச் சாதியைச் சுட்டும் இழிபெயரே எஞ்சியுள்ளது. வழிபாடு அளித்த சிறப்பை வழக்குச்சொல் அளிக்கவில்லை.

கள ஆய்வில் ஈடுபடும் முதுகலை மாணவர் இக்கதையைத் தொகுக்குங்கால், இரேணுகை எவ்வாறு இறந்தாள் என்று கேட்பதோடு அமைதல் கூடாது. உடனிறந்தவள் யார், அவள் செய்தது யாது என்றும் கேட்டுப் பதிதல் வேண்டும். கதை கூறுவோர் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதை அவ்விடையே காட்டும்.