இரண்டு வால்வும் ஒரு சால்டரிங் அயர்னும்

6080 என்ற வால்வைப் பாட்டு கேட்பதற்காக யாரும் உருவாக்கவில்லை. 1940-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 6ஏஎஸ்7ஜி என்றொரு பெரிய வால்வைக் கொண்டுவந்தது. அதையே கொஞ்சம் கச்சிதமாகவும் உறுதியாகவும் செய்தால் 6080. கருவிகளின் பவர் சப்ளையில் மின்னழுத்தம் ஏறி இறங்காமல் நிலையாகப் பிடித்துவைப்பதுதான் அதற்குக் கொடுத்த உத்தியோகம். சிக்னலைப் பெருக்குவதில் அது படுமந்தம். பெருக்கும் திறன் 2 மடங்குதான். ஆனால் சாதாரணச் சின்ன வால்வுகளுக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. ரேடியோக்களில் புழங்கிய 12ஏயூ7 போன்ற வால்வின் உள்தடை 7,000 ஓமுக்கும் மேல். 6080-க்கோ வெறும் 280 ஓம். அதனால் தாராளமாகக் கரன்ட் தரும். 300 ஓம் ஹெட்போனை, நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லாமலேயே ஓட்டிவிடும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் பணத்தை விழுங்குவது அந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான். அதைத் தூக்கிவிட்டால் மிச்சம் இருப்பது கைக்கு எட்டும் விலையிலான, எளிமையான ஒரு சுற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பாட்டில்ஹெட் நிறுவனம் 'கிராக்' என்ற பெயரில் கொண்டுவந்த ஹெட்போன் ஆம்ப் கிட் இந்த வழியில் அமைந்தது. ஒரு 12ஏயூ7, ஒரு 6080, இவ்வளவுதான். இரண்டுமே உள்ளே இரட்டையாக அமைந்த வால்வுகள். ஒரு பாதி இடது காதுக்கு, மறுபாதி வலது காதுக்கு. சின்னது சிக்னலைப் பெரிதாக்கும். பெரியது அதை ஹெட்போனுக்குத் தள்ளும்.

எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களை முதலில் ஆர்டுவினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டு பக்கம் அனுப்புவது இன்றைய வழக்கம். அதில் தவறில்லை. ஆனால், கையில் பிடித்திருக்கும் பொருள் முழுக்க முழுக்கப் புரிய வேண்டும் என்றால் வால்வுதான் நல்ல வாத்தியார் என்பது என் கட்சி. இந்த ஆம்ப்பில் சிக்னல் போகும் பாதையை விரலாலேயே தொட்டுக் காட்டலாம் (பிளக்கைப் பிடுங்கிய பிறகு). உள்ளே வருகிற இடம், வால்யூம் கன்ட்ரோல், சின்ன வால்வின் கிரிட், அதன் பிளேட், அங்கிருந்து நேரே பெரிய வால்வின் கிரிட், அதன் கேத்தோடு (கிரிட், பிளேட், கேத்தோடு மூன்றும் வால்வின் உள் உறுப்புகள்), ஒரு கெபாசிட்டர், ஹெட்போன் ஜாக். முடிந்தது. ஒளிந்துகொண்டு வேலை செய்யும் சிப் ஒன்றுகூட இல்லை.

வீட்டு மேஜையில் கிட் கட்டும் பழக்கம் புதிதும் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து பென்டன் ஹார்பரிலிருந்து ஹீத்கிட் நிறுவனம் 1947-ல் ஆசிலோஸ்கோப் கிட் ஒன்றை விற்கத் தொடங்கியது. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், டிவி என்று விரிந்த அந்த வியாபாரம் 1992 வரை நடந்தது. புத்தகத்தைத் திற, ஒவ்வொரு வரியாகச் செய், செய்ததற்கு எதிரே ஒரு டிக் போடு என்பதுதான் அவர்கள் வழி. இன்றைய நல்ல கிட்டுகளின் கையேடுகளும் அதே வழியில்தான் நடக்கின்றன.

கிராக் கிட்டின் பெட்டியைப் பிரித்தால் ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, கனமான பவர் டிரான்ஸ்ஃபார்மர், 9 கால் சாக்கெட் ஒன்று, 8 கால் சாக்கெட் ஒன்று, டேக் ஸ்ட்ரிப்புகள், ஒயர், பிளாஸ்டிக் உறைகளில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும், ஒட்டிச் சேர்க்க வேண்டிய மரச்சட்டங்கள். அச்சிட்ட சர்க்யூட் போர்டு கிடையாது. பழைய வால்வு ரேடியோவின் அடிவயிற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொருளின் காலை வளைத்து டேக்கில் மாட்டி அங்கேயே பற்ற வைப்பார்களே, அதே முறை. புதியவருக்கு இதுதான் சௌகரியம். இடம் தாராளம், பொருள்கள் பெரிது, தப்பாக வைத்ததைப் பிடுங்கி மாற்றலாம்.

அயர்னைச் சூடாக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உறையில் வந்த ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் அளந்து, காகிதத்தில் ஒட்டி, பக்கத்தில் அளவை எழுதிவைப்பது. வண்ணக்கோடு பார்த்தே சொல்லிவிடலாமே என்பீர்கள். ஐந்து கோடு போட்ட 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று வரும். இரண்டு ஓரமும் பழுப்பு. எந்தப் பக்கம் தொடக்கம் என்று தெரியாமல் வலமிருந்து இடமாகப் படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. அது 120 ஓம்! நீல உடம்பின் மேல் பழுப்பும் சிவப்பும் ராத்திரி டியூப்லைட்டில் ஒரே மாதிரி வேறு தெரியும். மீட்டருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

பற்ற வைப்பதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றுதான்: ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி, அதை மூட்டின் மேல் தடவப் பார்ப்பது. அப்படி வைத்தது ஒட்டிய மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. டேக்கும் ஒயரும் ஒருசேரச் சூடாக வேண்டும். அயர்ன் ஒரு பக்கம் இருக்க, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைத் தொட்டால் அது தானாக உருகி இடுக்கெல்லாம் ஓடிப் படியும். 63-க்கு 37 என்ற கலவையில் வரும் வெள்ளீய-ஈயக் கம்பி 183 டிகிரியில் சட்டென்று உருகி, ஆறும்போதும் சட்டென்று இறுகும். பழகுகிறவருக்கு அதுவே உத்தமம். ஆறிய மூடு பளபளவென்று, ஒயரின் உருவம் தெரிகிற மாதிரி இருந்தால் சரி. மங்கலாக, மணல் மணலாக, உருண்டையாக நின்றால் அது டிரை சால்டர். திரும்பச் சூடாக்க வேண்டும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 25 வாட் அயர்ன், நாலு ஒயர் சேரும் டேக்கில் திணறும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள 60 வாட் அயர்ன் வாங்கிவிடுங்கள். பத்து வருஷம் உழைக்கும். தலைக்கு நேர்மேலே சுழலும் ஃபேன் மூட்டைச் சூடேற விடாது என்பதால் அதை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஈயக் கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் கிளப்பும் புகையை முகர வேண்டாம். வேலை முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஒயரையும் நெருக்கமாக முறுக்கிக் கொண்டுபோகச் சொல்வார்கள். அழகுக்காக அல்ல. அதில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் ஏசி. முறுக்கினால் இரண்டு ஒயரின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சோம்பல்பட்டு நேராக விட்டால் அந்த 50 ஹெர்ட்ஸ் உங்கள் காதில் 'உம்ம்ம்' என்று குடியேறும்.

இனி, பயப்பட வேண்டிய விஷயம். செல்போன் சார்ஜர் 5 வோல்ட். இந்த அலுமினியத் தகட்டுக்கு அடியில் 150 வோல்ட்டைத் தாண்டிய டிசி இருக்கிறது. இதயத்தை நிறுத்த அது போதும். பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டர்கள் சில நிமிடங்களுக்கு அதைத் தேக்கிவைத்திருக்கும். ஆகவே கைவைக்கும் முன் மீட்டரால் அளக்க வேண்டும். மிச்சம் இருந்தால் சில கிலோ ஓம் மதிப்புள்ள 5 வாட் ரெசிஸ்டரை, உறை போட்ட கிளிப் ஒயரில் கட்டி, அதன் வழியே வடியவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடும் வீரமெல்லாம் வேண்டாம். பவர் இருக்கும்போது அளந்தே ஆக வேண்டிய இடங்களில் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கரன்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறுகையில் இறங்குவதுதான் உயிருக்கு ஆபத்து. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் மேஜை டிராயருக்குள். களைத்துப்போன ராத்திரியில் பவர் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

நம் வீடுகளுக்கென்று கூடுதலாக இரண்டு எச்சரிக்கை. அமெரிக்க கிட்டின் டிரான்ஸ்ஃபார்மரை 120 வோல்ட்டுக்கு ஒயரிங் செய்துவிட்டு நம்மூர் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் மிஞ்சும். வாங்கும் முன்பே 240 வோல்ட் இணைப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது எர்த். சுவரில் மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகாது. பல பழைய வீடுகளில் அந்த மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள். அலுமினியத் தகடு எர்த்தோடு சேர்ந்திருப்பதுதான் உங்களுக்கும் அந்த மின்சாரத்துக்கும் நடுவே நிற்கும் காவல்.

முதல் தடவை பவர் கொடுக்க, நம்மூர் மெக்கானிக்குகள் காலங்காலமாக வைத்திருக்கும் சீரிஸ் போர்டைவிட நல்ல உபாயம் இல்லை. 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாக ஆம்ப்புக்குக் கரன்ட் கொடுப்பது. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்துவிடும். பல்பு மங்கலாகவே நின்றால் தைரியமாக நேரடி இணைப்புக்குப் போகலாம். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

கிராக் கிட்டில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 12ஏயூ7-ன் கேத்தோடுக்கு, வழக்கமான ரெசிஸ்டருக்குப் பதிலாகக் கடுகு போன்ற ஒரு சிவப்பு எல்இடியை வைத்திருக்கிறார்கள். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. தன் வழியே கரன்ட் ஓடும்போது எல்இடி சுமார் ஒன்றரை வோல்ட்டைக் கூட்டாமல் குறைக்காமல் பிடித்துவைக்கும். வால்வு சரியாக இயங்க கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே வேண்டிய நிலையான மின்னழுத்த வித்தியாசம், அதாவது பயாஸ், அதுதான். பவர் கொடுத்து அரை நிமிடத்தில், சாக்கெட்டின் அடியில் இரண்டு செம்புள்ளிகள் எழும். இரண்டும் எரிந்தால் அந்த வால்வின் இரு பாதியிலும் கரன்ட் ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்று எரியவில்லையென்றால் தேட வேண்டிய பக்கம் அப்போதே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஹெட்போனை மாட்ட அவசரப்படக் கூடாது. பெரிய வால்வின் கேத்தோடில் 100 வோல்ட்டை ஒட்டிய டிசி நிற்கிறது. ஹெட்போனுக்கு முன்னால் அதைத் தடுத்து நிறுத்துவது ஒரே ஒரு கெபாசிட்டர். அது நிறைந்து அடங்கும்வரை ஜாக்கில் மின்னழுத்தம் துள்ளும். கையேடு சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் அளந்து, ஜாக்கில் டிசி பூஜ்யத்தை ஒட்டி இருப்பதையும் பார்த்த பிறகு, போனால் போகிறது என்ற விலையில் உள்ள ஹெட்போனைச் செருகிப் பார்க்கலாம். நல்லது அப்புறம்.

சரி, சத்தம் எப்படி? வால்வென்றாலே கதகதப்பு, உயிரோட்டம் என்று சிலாகிக்கிறவர்கள் சொல்வதில் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் பக்தியும் கலந்திருக்கும். பக்தியை விட்டுவிட்டு இயற்பியலை மட்டும் பார்ப்போம். இந்த ஆம்ப்போடு பலரும் ஜோடி சேர்ப்பது சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 ஆகிய ஹெட்போன்களை. இரண்டும் 300 ஓம் என்று போட்டிருக்கும். உண்மையில் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலிகளில் எச்டி 650-ன் தடை 500 ஓம் அளவுக்கு ஏறிவிடும். ஆம்ப்பின் வெளியீட்டுத் தடை சுமார் 120 ஓம். இரண்டும் மின்னழுத்தத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும்போது, தடை அதிகமுள்ள இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைக்கும் பங்கும் அதிகம். கணக்குப் போட்டால் அந்தப் பகுதியில் ஒலி சுமார் 1 டெசிபல் தூக்கலாக வரும். கூடவே, காதை உறுத்தாத இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் கொஞ்சம் சேரும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் பருத்து ஒலிப்பதும், பாடகரின் குரல் அரை அடி முன்னால் வந்த மாதிரி தோன்றுவதும் இதனால்தான். 1950-களின் திரைப்பாடல்கள் பதிவானதே வால்வுக் கருவிகள் வழியாகத்தான். அவற்றை மறுபடி வால்வு வழியே கேட்பதில் ஒரு சொந்தம் இருக்கலாம். ஆனால் பதிவின் கரகரப்பை எந்த ஆம்ப்பும் போக்கிவிடாது.

அப்பட்டமான துல்லியம்தான் வேண்டுமென்றால் இந்தக் காசுக்கும் குறைவாகவே நல்ல சிப் ஆம்ப்புகள் கிடைக்கின்றன. அளவீட்டில் அவை இதைத் தோற்கடித்துவிடும். இதை மறைத்துக்கொண்டு கிட் வாங்கச் சொல்வது நியாயமில்லை. அதேபோல், உங்களிடம் இருப்பது 32 ஓம் ஹெட்போன் என்றால் இந்தச் சுற்று உங்களுக்கு ஆகாது. மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஹெட்போனுக்குப் போய்ச்சேரும். வால்வுக்கும் மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவர்கள் பீட் மில்லெட் என்பவர் வடிவமைத்த ஹைப்ரிட் வகையைப் பார்க்கலாம். 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும்படி 1950-களில் கார் ரேடியோவுக்கென்று செய்த வால்வுகளை முன்னால் வைத்து, ஹெட்போனை ஓட்டும் பாரத்தைப் பின்னால் டிரான்சிஸ்டரிடமோ சிப்பிடமோ விட்டுவிடும் வகை அது. உள்ளே உயர் மின்னழுத்தமே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையோடு உட்கார்ந்து கட்டுகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

ஆம்ப் பாட ஆரம்பித்த சில வாரங்களில் வால்வை மாற்றிப் பார்க்கும் நோய் வந்தே தீரும். 12ஏயூ7-க்கு ஐரோப்பாவில் ஈசிசி82 என்று பெயர். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனம் இப்போதும் புதிதாகவே செய்கிறது. 6080-ன் இடத்தில் ரஷ்யாவின் 6என்13எஸ் உட்காரும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் ரேடியோ வால்வுகள் தயாரித்ததால் பழைய சரக்கு இங்கேயும் அங்கங்கே தேங்கியிருக்கிறது. பழைய வால்வு வாங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள வெள்ளிப்பூச்சைப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னினால் சரி. பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அது ஷோகேஸுக்குத்தான். 12ஏஎக்ஸ்7-க்கும் இதே ஒன்பது கால்தான், சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் குணம் வேறு. கையேடு அனுமதிக்காததைச் செருகாதீர்கள். வால்வைப் பிடுங்கும் முன் நன்றாக ஆறட்டும். 6080-ன் ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கிறது, கிட்டத்தட்ட 16 வாட். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் கேட்பவர்கள் ஆம்ப்பைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்வார்கள்.