பிறர் துயரையும் வரைந்த தூரிகைகள்

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டது. சில நாள்களில், உறவினரைத் தேடி அந்நகருக்குச் சென்றனர் ஓவியத் தம்பதியரான இரி மருக்கியும் தோஷி மருக்கியும். கணவர் மரபுவழி மை ஓவியர்; மனைவி எண்ணெய் வர்ண ஓவியர். அணுகுண்டு விளைத்த அவலத்தை 1950 முதல் 1982 வரை 15 பெரும் ஓவியத் தொகுதிகளாக இருவரும் இணைந்து தீட்டினர்.

தம்மவரின் துயரோடு அவர்களது தூரிகை நின்றுவிடவில்லை. அங்கு மாண்ட அமெரிக்கப் போர்க்கைதிகளை 1971இலும், சடலங்களாகவும் புறக்கணிக்கப்பட்ட கொரியர்களை 1972இலும் வரைந்தனர். அவர்களின் பெருமை இதிலேயே தங்கியிருக்கிறது.

நம்மிடையேயும் அத்தகையதொரு முயற்சி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பித்த ஓவியர் தா. சனாதனன், வடக்கில் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்களைத் திரட்டி, அவற்றோடு தமது ஓவியங்களையும் சேர்த்து 2011இல் நூலாக்கினார். காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்குச் சூட்டினார். உறுதிப் பத்திரம் அழிந்தாலும் கிணறும் முற்றமும் நினைவில் அழிவதில்லை.

1990இல் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும், 2009வரை வன்னியெங்கும் அலைக்கழிந்த தமிழருக்கும் இழந்த வீடு ஒன்றுண்டு. அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் மறைந்துவருகின்றனர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பாடசாலைகளின் சித்திர வகுப்புகள் அவ்வீடுகளை முதியோரிடம் கேட்டறிந்து வரையட்டும். அயலவர் வீட்டையும் சேர்த்து வரைந்தாலே அப்படம் முழுமைபெறும்.