மஞ்சள்தூளில் மறைந்த கம்பி

தை பிறந்தால் ஈரோட்டுச் சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் வெட்டு தொடங்கும். வெட்டிய கிழங்கை வேகவைத்து, களத்தில் காயவைத்து, உருளைக்குள் இட்டுச் சுழற்றி மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்துச் சாக்கில் கட்டி ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து அரவை ஆலை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மஞ்சள், காட்டிலிருந்து நம் அஞ்சறைப்பெட்டி வரை வரும் வழியெங்கும் இரும்போடு உரசியே வருகிறது. தேய்ந்த உருளையின் கம்பிவலை, கழன்ற ஆணி, அரவை எந்திரத்தின் உடைந்த சிம்பு, சல்லடையில் அறுந்த எவர்சில்வர் இழை ஆகியவற்றுள் ஒன்று தூளில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. உண்ணும் குழந்தையின் தொண்டைக்குத்தான் தெரியும்.

ஆலையில் முதற்காவல் காந்தம். இரும்புத் துகளை அது இழுத்துக்கொள்ளும். ஆனால் பித்தளையையும் அலுமினியத்தையும் அது தொடாது. சல்லடை செய்யப் பயன்படும் எவர்சில்வர் வகைகள் பலவும் அதற்கு அகப்படுவதில்லை. அவற்றைப் பிடிக்கவே உலோக உணரி தேவைப்படுகிறது.

உணரியின் வாய் ஒரு வாயிற்சட்டம் போன்றது. சட்டத்துக்குள் மூன்று கம்பிச்சுருள்கள் மறைந்துள்ளன. நடுச்சுருளில் மிக விரைவாகத் திசைமாறும் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை எழுப்புகிறது. இருபுறச் சுருள்களும் அதிலிருந்து சம தொலைவில், எதிரெதிராக இணைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் எழும் மின்னழுத்தத்தை மற்றொன்று அழித்துவிட, எஞ்சுவது சுழி. தராசு முள் நடுவில் நிற்கும் நிலை இது. உலோகத் துணுக்கு ஒன்று நுழைந்தால் முள் முதலில் ஒருபுறமும் பிறகு மறுபுறமும் சாயும். அந்தச் சாய்வையே கருவி அறிவிக்கிறது.

இத்தகைய சமநிலை எவ்வளவு மென்மையானது என்பதை 1881-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் தங்கிவிட்ட துப்பாக்கிக் குண்டைத் தேடத் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் தூண்டல் தராசோடு சென்றார். பழைய போர்க்காயங்களில் குண்டு தங்கிய வீரர்களிடம் அதை முன்னரே சோதித்துப் பார்த்திருந்தார். நோயாளியின் படுக்கையிலோ கருவி பொருளின்றி ஒலித்தது. மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்ததைப் பின்னரே அவர் அறிந்தார். மருத்துவர்கள் உடலின் வலப்புறத்தை மட்டும் தேட விட்டதும் மற்றொரு தடை. குண்டு இடப்புறம் இருந்தது. செப்டம்பர் 19-இல் கார்பீல்டு இறந்தார்.

மஞ்சள் ஆலையில் உணரியை நிறுத்துகிறவர் முதலில் காண வேண்டியதும் அந்த மெத்தைக் கம்பிகளைத்தான். வாயின் இருபுறமும் குறித்த தொலைவுக்கு எந்த உலோகமும் இருத்தல் ஆகாது. தாங்கும் சட்டத்தில் ஒரு போல்ட்டு தளர்ந்திருந்தாலும், துருவேறிய இணைப்பு அதிர்வில் சேர்ந்தும் பிரிந்தும் மின்வளையம் ஒன்றை உண்டாக்கும். உணரி அதை உலோகமென்றே எண்ணும். ஓடும் பட்டையின் ஒட்டில் ஊசி இருக்கக் கூடாது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவியின் கம்பிகளை விலக்கி, நிலத்தொடர்பைச் சரிபார்க்க வேண்டும். இவற்றை முடிக்காமல் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடுவது வீண் வேலை.

அடுத்தது, பொருளைக் கருவிக்கு அறிமுகப்படுத்துதல். ஈரமும் உப்பும் உள்ள எதுவும் சிறிது மின்கடத்தும். ஆகவே தூய மஞ்சள்கூட ஒரு மெல்லிய எதிர்வினை எழுப்பும். அந்த எதிர்வினை எழுப்பிய அலைக்கு எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கட்டக்கோணம் என்பர். தூய மாதிரியைப் பலமுறை செலுத்திக் கருவிக்கு அக்கோணத்தைப் பழக்கினால், அத்திசைக்கு அது செவிடாகிவிடும். நிலத்தில் புதைபொருள் தேடும் கருவியை மண்ணுக்கு ஏற்பப் பழக்குவதும் இதே நெறிதான். உலர்ந்த தூளுக்கு அதிர்வெண்ணை உயர்த்தலாம். அப்போது எவர்சில்வர் நன்கு புலப்படும். ஆனால் வெயிற்காலச் சரக்குக்குப் பழக்கிய உணரி, மழைக்கால ஈரச் சரக்குக்கு ஏமாறும். சரக்கு மாறினால் மீண்டும் பழக்குவதே முறை.

இனி உணர்திறன். இங்கேதான் பெரும் பிழை நிகழ்கிறது. திறனை உச்சத்தில் வைத்தால் நல்ல தூளும் தள்ளப்படும். நாளுக்கு இருபது முறை வீணாய் ஒலித்த மணியை இருபத்தொன்றாம் முறை எவரும் நம்பார். தொழிலாளி சலித்துப்போய்த் திருகைத் தாழ்த்துவார். அது அவர் குற்றமன்று. முதலில் அளவு வைத்தவரின் குற்றம். தூய சரக்கு அமைதியாகக் கடக்கும் நிலைக்குச் சற்றே இடைவெளி விட்டு அளவை நிறுத்த வேண்டும்.

அந்த அளவு போதுமா என்பதைச் சிறு உலோக உருண்டைகளான சோதனைக் குண்டுகளே சொல்லும். இரும்பு, பித்தளை, எவர்சில்வர் என மூன்றும் வேண்டும். இரும்பு காந்தப்புலத்தைத் தன்பால் ஈர்க்கும். பித்தளையில் சுழல் மின்னோட்டம் எளிதில் எழும். எவர்சில்வரோ இரண்டிலும் பின்தங்கியது. ஆதலால் அதே திறனில் எவர்சில்வருக்குப் பெரிய குண்டே பிடிபடும். வாயின் நடுப்பகுதியில் உணர்திறன் மிகக் குறைவு. குண்டை அவ்வழியே செலுத்துவதுதான் உண்மையான சோதனை. குண்டு எப்பக்கம் திரும்பினும் ஒன்றே, கம்பி அப்படியன்று. பட்டை ஓடும் திசையில் கிடக்கும் இரும்புக் கம்பி எளிதில் சிக்கும், குறுக்கே கிடந்தால் நழுவும். எவர்சில்வர்க் கம்பிக்கோ இது தலைகீழ். சல்லடை இழை போன்ற மெல்லிய கம்பி, குண்டுச் சோதனையில் தேறிய உணரியையும் கடந்து போகக்கூடும். எனவே அரவைக்கு முன்னும் பின்னும் சல்லடையைக் கண்ணால் பார்ப்பதை எந்த உணரியும் நீக்கிவிடாது.

காலை வேலை தொடங்கும்போதும், இடையிடையே குறித்த நேரத்திலும், முடிக்கும்போதும் மூன்று குண்டுகளும் நடுவழியே செல்ல வேண்டும். மணி ஒலிப்பதோடு, தள்ளும் கதவு அக்குண்டைப் பெட்டிக்குள் வீழ்த்தியதா என்றும் பார்க்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிச் சோதனையில் ஒரு குண்டு தப்பினால், அன்று ஒரு மணிச் சோதனைக்குப் பின் கடந்த மூட்டைகள் அனைத்தும், வண்டியில் ஏற்றியிருந்தாலும், இறக்கப்பட்டு மீண்டும் அந்த வாயின் வழியே வர வேண்டும்.