அரிட்டாபட்டி: மலையும் கண்மாயும் ஊரும்

எதிரே தெரியும் மொட்டைப் பாறைதான் இந்த ஊரின் நீர்ப்பிடிப்பு. மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்காமல் பாறை மேல் வழிந்து, முதலில் சுனைகளை நிரப்பும். மிஞ்சியது குளத்துக்கும் கண்மாய்க்கும் போகும். கண்மாய் பெருகினால் மடை திறப்பார்கள், வயல் நனையும். ஏழு குன்றுகளுக்கு நடுவே, மேலூர் வட்டாரத்தின் இந்த ஊரில் உழவு இப்படித்தான் நடந்துவருகிறது.

மலையிலுள்ள குகையின் புருவத்தை அண்ணாந்து பாருங்கள். மழைநீர் உள்ளே வராமல் காடி வெட்டி, அதையொட்டித் தமிழி எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவியருக்கு இந்த உறைவிடத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயர் அதில் இருக்கிறது. பக்கத்தில் தீர்த்தங்கரர் சிற்பம். அதன் கீழுள்ள வட்டெழுத்தில், சமணத் துறவி அச்சணந்தி செய்வித்த இத்திருமேனிக்குப் பாதிரிக்குடியார் காவல் என்ற செய்தி உண்டு. ஊரார் கூடிப் பொறுப்பேற்ற அந்த வரிதான் இம்மலையின் ஆகப்பெரிய செல்வம்.

மலையின் இன்னொரு பக்கம் முற்பாண்டியர் குடைந்த சிவன் கோயில். அங்குள்ள, பாசுபத சைவத்தின் ஆசானான இலகுலீசரின் உருவம் தமிழகத்தில் அரிது.

பாறை இடுக்குகளில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் வாழ்கின்றன. புதர்க்காட்டில் தேவாங்கும் எறும்புத்தின்னியும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இப்பகுதியும் சேர்க்கப்பட்டதை எதிர்த்துச் சுற்றுப்பட்டு ஊர்களே திரண்டு மதுரைக்கு நடந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்துசெய்தது.