வண்ணப்பூச்சும் புவித்தொடுப்பும்: மின்பெட்டித் தகடுகள் பற்றிய ஒரு விளக்கம்

உலோகம் மின்னைக் கடத்தும் என்பது பாடசாலைப் பௌதிகத்தின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. இதனை நம்பியே, உருக்குத் தகட்டாலான மின்பெட்டியின் ஓரிடத்திற் புவிக்கம்பியைப் பூட்டிவிட்டால் பெட்டி முழுவதும் புவித்தொடுப்புப் பெற்றுவிடும் எனப் பலர் கருதுகின்றனர். ஆயின் மின்பெட்டி ஒரே உலோகத்துண்டாக இருப்பதில்லை. சட்டகம், கதவு, பக்கத்தகடுகள், மேன்மூடி, உள்ளே கருவிகளைத் தாங்கும் தகடு எனப் பல பகுதிகள் தனித்தனியே வெட்டப்பட்டு, தனித்தனியே பூச்சிடப்பட்டு, பின்னரே ஒன்றுசேர்க்கப்படுகின்றன. அப்பூச்சு ஒரு காவலி. சூளையில் வேகவைத்த தூட்பூச்சின் தடிப்பு பொதுவாக 60 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரையாகும். அஃதாவது மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கை மிஞ்சாது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே புகும் அம்மெல்லிய படலம், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெட்டியை மின்னியல் நோக்கில் ஒன்றோடொன்று தொடர்பற்ற தீவுகளாகப் பிரித்துவிடுகின்றது.

திருகோணமலை நகரையடுத்த பாலையூற்றில் ஒரு சிறு தொழிற்கூடத்திற் கண்டதை இவ்விடத்துக் கூறுதல் பொருந்தும். அங்கு இயந்திரங்களை இயக்கும் மின்பெட்டியின் கதவு, மாரிகாலத்தில் “கடிக்கின்றது” எனத் தரை துடைக்கும் பெண் பலமுறை முறையிட்டிருந்தார். மின்வினைஞர் சோதித்துப் பெட்டியில் ஏர்த் சரியாகவே உள்ளதென்று சொல்லிச் சென்றார். அவர் சொன்னது பொய்யன்று. அவர் அளந்தது புவிக்கம்பி பூட்டப்பட்ட சட்டகத்தை. அப்பெண் தொட்டது கதவை. கதவிலுள்ள குறிவிளக்குக்குச் செல்லும் வயர் பிணைச்சலருகே உராய்ந்து, அதன் உயிர்க்கம்பி கதவுத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிணைச்சலோ பூச்சும் பழைய கிறீசும் படிந்து சட்டகத்தோடு மின்தொடர்பற்றுக் கிடந்தது. கதவின் வெளிமுகப் பூச்சு நலமாயிருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பிடியருகே அது தேய்ந்து உலோகம் வெளிப்பட்ட இடத்திலேதான் அதிர்ச்சி. மின்னைத் தடுக்க வேண்டிய இடத்தில் தேய்ந்தும், செல்லவிட வேண்டிய இடத்தில் தேயாமலும் இருப்பது பூச்சின் இயல்பு. கை படும் இடமன்றோ முதலில் தேயும்!

இதன் அபாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் நாட்டின் வழங்கல் 230 வோல்ற், 50 ஏர்ட்சு. ஈரக்கையோடும் வெறுங்காலோடும் ஈரத்தரையில் நிற்பவரின் உடற்றடையை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், அவரூடாக 230 மில்லிஅம்பியர் பாயக்கூடும். 10 மில்லிஅம்பியர் அளவிலேயே பற்றிய கையை விடுவிக்க முடியாது போகலாம். 50 மில்லிஅம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் ஒரு வினாடிக்கு மேல் நீடிப்பின் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து சாவு நேரலாம். அப்பெண் ரப்பர்ச் செருப்பு அணியும் வழக்கமுடையவராயிருந்தது நற்பேறே.

“றிப் சுவிச்சு இருக்கின்றதே” என்பது வழக்கமான மறுமொழி. மீதி ஓட்டச் சுற்றுடைப்பான் என நூல்கள் கூறும் இக்கருவி, உயிர்க்கம்பியிற் சென்ற ஓட்டத்திற்கும் நொதுமற்கம்பியில் மீண்ட ஓட்டத்திற்கும் வேறுபாடு 30 மில்லிஅம்பியரை எட்டுமுன் சுற்றை உடைக்குமாறு அமைக்கப்படுவது. இலங்கையின் வீட்டு இணைப்புகளிலும் சிறு தொழிலக இணைப்புகளிலும் பெரும்பாலும் நுகர்வோரே தம் வளவிற் புவிக்கோலை நாட்டிக்கொள்கின்றனர். ஈர மணலின் தடைத்திறனை 100 ஓம்-மீற்றர் எனக் கொண்டால் 1.2 மீற்றர் நீளமும் 16 மில்லிமீற்றர் விட்டமும் உடைய கோலின் தடை ஏறத்தாழ 70 ஓம் ஆகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் வரண்டு தடைத்திறன் 1000 ஐ எட்டினால், அது 700 ஓம் வரை உயரும். (ஊரின் பெயரில் ஊற்று இருப்பினும் மேல்மணலில் ஈரம் தங்குவதில்லை.) முதல் நிலையிற் பழுதோட்டம் 3 அம்பியரளவே, 15 அம்பியர் உருகி இதற்கு அசையாது. இரண்டாம் நிலையில் அது 330 மில்லிஅம்பியராகக் குறையும். ஆயினும் சுற்றுடைப்பானை இயக்க இதன் பத்திலொரு பங்கே போதும். வரண்ட மணலாலும் செயலிழக்கச் செய்ய முடியாத இக்காவலைப் பூச்சுப்படலம் செயலிழக்கச் செய்துவிடுகின்றது. கதவு புவியோடு தொடர்பற்றிருக்கும்வரை பழுதோட்டமே இல்லை. ஓட்டமில்லையேல் சுற்றுடைப்பானுக்குச் செய்தியுமில்லை. முதற் செய்தி மனித உடலினூடாகவே அதற்குக் கிட்டும்.

ஆகவே ஒவ்வொரு தகடும் கருதிச் செய்யப்பட்ட இணைப்பொன்றைப் பெற வேண்டும். திருகாணியின் புரி பூச்சைக் கிழித்துத் தொடுவது தற்செயல். இன்று தொடும், நாளை அதிர்விற் கழன்று தொடாது. பல்வொஷர் எனப்படும் பற்கள் கொண்ட வளையம் இதனினும் நன்று: இறுக்கும்போது அதன் பற்கள் பூச்சைத் துளைத்து உருக்கைக் கவ்வும். எனினும் ஒருமுறை கழற்றிய வொஷரை மீளப் போடலாகாது. அதன் பற்கள் மழுங்கியிருக்கும். எல்லாவற்றினும் உறுதியானது, பூச்சிடுமுன்னரே தகட்டில் ஒரு மரையாணியை வெல்டிங் செய்து, பூச்சிடும்போது அதனை மூடி மறைத்து, பின்னர் அதிற் புவிக்கம்பியைப் பூட்டும் முறை. கதவுக்குச் செப்புப் பின்னற்பட்டியே ஏற்றது. ஆயிரமுறை மடங்கினும் எளிதில் முறியாது. 2009 இல் முதலில் வெளிவந்த ஐ.இ.சி. 61439 என்னும் பன்னாட்டு நியமம், கருவி பொருத்தப்படாத கதவுக்கு உலோகப் பிணைச்சல்களும் திருகிணைப்புகளும் போதுமென ஏற்கின்றது. ஆபத்தான அழுத்தத்தில் இயங்கும் விளக்கோ ஆளியோ கதவிலிருப்பின் தனிக் காப்புக்கடத்தி வேண்டுமென்கின்றது. வானொலி அதிர்வெண்களிற் செய்தி வேறு: ஒரு மீற்றர் உருண்டைக் கம்பி 10 மெகாஏர்ட்சில் 60 ஓமளவு எதிர்ப்புக் காட்டும். அங்கும் அகன்று குறுகிய பட்டியே பயன்படும்.

திருகோணமலை போன்ற துறைமுகப் பகுதியில் இதனோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பூச்சைச் சுரண்டி வெறும் உருக்கை வெளிப்படுத்திப் பூட்டிய இணைப்பை உப்புக்காற்று விரைவில் துருவேற்றும். துருவும் ஏறத்தாழக் காவலியே. செப்பு முனையும் நாகம் பூசிய தகடும் உப்பீரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அவை ஒரு சிறு மின்கலமாகி நாகத்தை அரிக்கும். ஆதலால் வெள்ளீயம் பூசிய முனைகளே விரும்பத்தக்கன. சுரண்டுக, பூட்டுக, இறுக்குக, அதன் பின்னரே வசலினோ பூச்சோ இட்டு மூட்டை மூடுக, இவ்வரிசை மாறலாகாது. இத்துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்தது. கப்பலிற் புவியின் இடத்தை வகிப்பது அதன் உருக்குடலே. அவ்வுடலோ துருவுக்கஞ்சி மீண்டும் மீண்டும் பூச்சிடப்படுவது. எனவே மின்பெட்டியைக் கப்பலுடலோடு பட்டியாற் பிணைப்பது கடல்சார் மின்வேலையின் பழைய வழக்கம். கரையிலே நாம் அதனை மறந்துவிடுகின்றோம்.

இணைப்பை அளப்பதிலும் ஏமாற இடமுண்டு. சாதாரணப் பன்மானி செலுத்துவது மிகச் சிறிய ஓட்டம். ஒரேயொரு புரிமுனை தொட்டுக்கொண்டிருப்பினும் அது நல்ல அளவீட்டைக் காட்டும். உண்மைப் பழுதோட்டம் வரும்போது அம்முனை கருகித் தொடர்பு அறும். எனவே மேற்சொன்ன நியமம் குறைந்தது 10 அம்பியரைச் செலுத்திப் பார்க்குமாறும், தகட்டுக்கும் புவிமுனைக்கும் இடைப்பட்ட தடை 0.1 ஓமுக்கு மேற்படாதிருக்குமாறும் விதிக்கின்றது. சட்டகத்தில் மட்டுமன்றி ஒவ்வொரு தகட்டிலும் இதனைச் செய்தல் வேண்டும்.

பாலையூற்றுத் தொழிற்கூடத்தின் கதவுக்கு இப்போது ஒரு பின்னற்பட்டி உண்டு. அதனைப் பூட்ட அரை மணி நேரமே சென்றது. வாடை மழை ஓய்ந்தபின் ஆண்டுதோறும் அதனை அளந்து பார்ப்பது எவர் பொறுப்பு என்பது மட்டும் அங்கே இன்னும் எழுதப்படவில்லை.